கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க

திருவான்மியூர் சிக்னலில் ஷேர் ஆட்டோ ஏறினால் கொட்டிவாக்கம் வந்து இறங்குவதற்குள் ஒரு ஆங்கில வினைச்சொல்லை இரண்டு மூன்று தடவையாவது கேட்டுவிடலாம். போன வாரம் ஒருநாள் எண்ணிப் பார்த்தேன்.

மூன்று பேர் உட்காரக்கூடிய சீட்டில் நான்காவதாக ஒரு கல்லூரிப் பெண் ஏறினாள். "அண்ணா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." நகர்ந்தோம். அடுத்த நிறுத்தத்தில் குப்பத்து அம்மா ஒருவர் காலிக் கூடையோடு ஏறினார். "அஜீஸ் பண்ணிக்கோ நைனா." இன்னும் கொஞ்சம் நகர்ந்தோம். முன் சீட்டில் ஒருவருக்குப் பாக்கி தர டிரைவரிடம் சில்லறை இல்லை. "அஞ்சு ரூவா இல்ல சார், நாளைக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்." தினமும் வருகிறவர் போலிருக்கிறது, சரி என்று தலையாட்டிவிட்டார்.

நான்காவது தடவை கேட்டதுதான் வீடு வரை கூடவே வந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண்மணி யாரிடமோ செல்போனில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். "மொதல்ல எல்லா வீட்லயும் அப்படித்தாம்மா இருக்கும். அவங்க மாற மாட்டாங்க. நீதான் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிட்டுப் போகணும்."

ஒரே சொல். ஆனால் இடம் விடுவது, கணக்குத் தீர்ப்பது, சகித்துக்கொண்டு இருப்பது என்று மூன்று அர்த்தங்கள். மூன்றும் இந்தச் சொல்லுக்குள் எப்படி வந்து சேர்ந்தன? வீட்டுக்கு வந்ததும் அகராதிகளைப் புரட்ட ஆரம்பித்தேன். கிடைத்ததைக் குறிப்புகளாக இங்கே எழுதி வைக்கிறேன்.

அருகில் வா

அட்ஜஸ்ட் என்ற சொல்லைப் பார்த்தால் அதற்குள் ஜஸ்ட் இருக்கிறது. ஜஸ்டிஸ், அதாவது நீதி, அதோடு சம்பந்தப்பட்டது. ஆகவே 'நியாயப்படி சரிசெய்வது' என்பதுதான் மூலப்பொருள் என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஐரோப்பியர்களும் பல நூற்றாண்டுகளாக அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள்.

உண்மையான வேர் வேறு. லத்தீனில் 'யுக்ஸ்தா' என்றொரு சொல் உண்டு. பக்கத்தில், ஒட்டினாற்போல் என்று பொருள். அதற்கு முன்னால் 'அத்' என்ற முன்னொட்டைச் சேர்த்து, பிற்கால லத்தீனில் 'அத்யுக்ஸ்தாரே' என்ற வினை பிறந்தது. அதன் பொருள் 'பக்கத்தில் கொண்டு வருதல்'. ஷேர் ஆட்டோவில் அந்தக் கல்லூரிப் பெண் எங்களைச் செய்யச் சொன்னது அதைத்தான். ஒருத்தர்மேல் ஒருத்தர் ஒட்டினாற்போல் உட்காருங்கள் என்றாள்.

இந்த வினை பழைய பிரெஞ்சில் 'அஜோஸ்தே' என்று ஆனது. சேர்த்தல், கூட்டுதல் என்று அர்த்தம். நடுவில் இருந்த 'த்' அங்கே உதிர்ந்துவிட்டது, கவனியுங்கள். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் இது ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் 'அஜுஸ்தென்' என்றுதான் வந்தது. பிற்பாடு, 1600 வாக்கில், பிரெஞ்சிலிருந்து மறுபடியும் ஒருமுறை கடன் வாங்கினார்கள். லத்தீன் படித்த பண்டிதர்களின் தயவால் உதிர்ந்த எழுத்து திரும்ப ஒட்டிக்கொண்டது. ஈசிஆரில் நேராகத் தெற்கே போனால் வரும் புதுச்சேரியில் பிரெஞ்சு படிக்கிற பிள்ளைகள் இன்றும் அதை 'அஜுஸ்தே' என்றுதான் படிக்கிறார்கள். அப்படியானால், மீன் விற்றுவிட்டுத் திரும்பிய அந்த அம்மாவின் 'அஜீஸ்' ஒன்றும் கொச்சை இல்லை. 'ட்ஜ' என்ற கூட்டெழுத்து தமிழ் நாக்குக்குச் சிரமம் என்பதால் அவர் அதை விட்டார். பிரெஞ்சுக்காரர்களும் அதே எழுத்தைத்தான் விட்டிருக்கிறார்கள்.

யுக்ஸ்தாவின் பிள்ளைகள் ஆங்கிலத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். குதிரைமேல் எதிரெதிரே வந்து ஈட்டியால் மோதுகிற பழைய வீரவிளையாட்டுக்கு ஜௌஸ்ட் என்று பெயர். அதற்கும் மூலப்பொருள் 'நெருங்கி வருதல்'தான். அந்த ஜௌஸ்டிலிருந்து வந்ததுதான் ஜாஸில் என்ற வினை. கூட்டத்தில் இடித்துத் தள்ளுவது என்று பொருள். ஆக, 'இடிக்காதீங்க' என்பதும் 'அட்ஜஸ்ட் பண்ணுங்க' என்பதும் ஒரே குடும்பத்துச் சொற்கள். மாநகரப் பேருந்தில் காலை ஒன்பது மணிக்குப் பயணம் செய்கிறவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

இன்னும் பின்னால் போனால், யுக்ஸ்தாவின் வேர் இந்தோ-ஐரோப்பிய மொழிகளுக்குப் பொதுவான, 'சேர்த்துப் பூட்டுதல்' என்று பொருள்படும் வேர். ஆங்கிலத்தில் நுகத்தடியைக் குறிக்கும் யோக், சமஸ்கிருதத்தின் யோகம், யுகம் எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. யோகா வகுப்பில் ஆசிரியர் நம் தோளைப் பிடித்து ஆசனத்தைத் திருத்துவதை இப்போது அட்ஜஸ்ட்மென்ட் என்கிறார்கள். தூரத்துச் சொந்தங்கள் இரண்டும் அங்கே திரும்பச் சந்தித்துக்கொள்கின்றன.

நீதியைக் குறிக்கும் 'யுஸ்துஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு வேர் தனி. சட்டம் என்று பொருள்படும் 'யுஸ்' என்பதிலிருந்து வந்தது அது. இரண்டும் ஒலியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் மக்கள் மனதில் கலந்துவிட்டன. 'அருகில் கொண்டு வா' என்ற சொல்லின்மேல் 'நியாயமாக அமை' என்ற அர்த்தமும் படிந்தது. சொல்லாராய்ச்சியாளர்கள் இதை மக்கள் வழக்குச் சொற்பிறப்பு என்பார்கள். பிழையான பிறப்புக் கதைதான், ஆனால் அந்தப் பிழை சொல்லின் பொருளையே மாற்றிவிட்டது. அருகும் நியாயமும் ஒரே சொல்லுக்குள் குடித்தனம் செய்ய ஆரம்பித்தன. இந்தக் கட்டுரை முழுக்க இந்த இரண்டு பேரையும்தான் பின்தொடரப் போகிறேன்.

கடலில் வீசிய சரக்கு

நியாயம் என்ற அர்த்தம் நன்றாக வேர்பிடித்த இடம் வியாபாரம். தராசைச் சரிபார்ப்பது, கடிகாரத்தைத் திருத்துவது, பற்று வரவை நேர்செய்வது எல்லாம் அட்ஜஸ்ட். 18ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இந்தச் சொல் காப்பீட்டுத் தொழிலுக்குள் வந்துவிட்டது. நஷ்டம் எவ்வளவு, யார் யார் எவ்வளவு ஏற்பது என்று கணக்கிட்டு முடிப்பதற்கு அட்ஜஸ்ட் என்று பெயர்.

இதில் கடல் வாணிகத்தின் பழைய விதி ஒன்று இருக்கிறது. புயலில் கப்பல் தள்ளாடுகிறது. பாரத்தைக் குறைத்தால்தான் பிழைக்கலாம். கைக்கு எட்டிய சரக்கைக் கடலில் வீசுகிறார்கள். அது யாரோ ஒரு வியாபாரியின் சரக்கு. கப்பல் தப்பிக் கரை சேர்கிறது. இப்போது அந்த வியாபாரி மட்டும் நஷ்டப்படுவதா? கூடாது என்கிறது விதி. வீசப்பட்ட சரக்கால்தான் மற்றவர்களின் சரக்கும் கப்பலும் பிழைத்தன. ஆகவே பிழைத்தவர்கள் எல்லோரும் அவரவர் பொருளின் மதிப்புக்கு ஏற்ப அந்த நஷ்டத்தில் பங்கு தரவேண்டும். ரோட்ஸ் தீவின் கடல் சட்டம் என்று ரோமானியச் சட்டத் தொகுப்பிலேயே இது பதிவாகியிருக்கிறது. இந்தப் பங்கைக் கணக்கிடும் தொழில்காரருக்கு ஆவரேஜ் அட்ஜஸ்டர் என்று பெயர். லண்டனில் அவர்களுக்கென்று 1869இல் ஒரு சங்கமே ஏற்பட்டது.

இதெல்லாம் ஏதோ தூரதேசத்துச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயற்கைத் துறைமுகம் கட்டப்படும் வரை மதராஸில் கப்பல்கள் கரைக்கு வர முடியாது. தள்ளி ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் ஆட்களும் மசூலா படகில் அலையைத் தாண்டித்தான் கரைக்கு வரவேண்டும். நனைந்ததும் கவிழ்ந்ததும் அன்றாடம் நடந்தது. அப்படிப்பட்ட கரையில் வியாபாரம் செய்தவர்களுக்கு நஷ்டக் கணக்கு தெரியாமல் இருக்க வழியில்லை.

இந்தக் கணக்குப்பிள்ளை அர்த்தம் சென்னையில் இன்றும் உயிரோடு இருக்கிறது. வாடகை வீட்டைக் காலி செய்கிறவர்கள் எல்லோரும் சொல்லும் வாக்கியம்: "கடைசி ரெண்டு மாச வாடகையை அட்வான்ஸ்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சார்." சென்னையில் 10 மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது நெடுநாள் வழக்கம். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் 3 மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது. அந்த 'வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்ற வரிக்குள்தான் பாதி நகரம் குடியிருக்கிறது. எப்படியிருந்தாலும் இங்கே அட்ஜஸ்ட் என்பது இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட கணக்கு. எழுதிக் கூட்டிப் பார்க்கலாம். தப்பிருந்தால் சண்டை போடலாம். டிரைவரின் ஐந்து ரூபாயும் இந்த வகைதான்.

மெக்கானிக் கடையில் பிரேக்கை, செயினை, கார்புரேட்டரை அட்ஜஸ்ட் பண்ணுவதையும் இதே கணக்கில் சேர்க்கலாம். அங்கே திருப்பப்படுவது திருகாணி. அதற்கு வலிக்காது.

திருகாணியாக மாறிய மனிதர்

மனிதர் தன்னையே மாற்றிக்கொள்வது என்ற அர்த்தம் ஆங்கிலத்திலேயே பிந்தி வந்தது. 1864இல் ஹெர்பர்ட் ஸ்பென்சர் தன் உயிரியல் நூலில், உயிர் என்பதையே அகத்துக்கும் புறத்துக்கும் இடையே ஓயாமல் நடக்கும் அட்ஜஸ்ட்மென்ட் என்று வரையறுத்தார். உயிரியலிலிருந்து அது உளவியலுக்கு வந்தது. 'பழகிக்கொள்வது' என்ற அர்த்தத்தில் இந்த வினை, செயப்படுபொருள் இல்லாமல் தனியாக வழங்கியதற்கு அகராதிகள் 1924ஆம் ஆண்டைத்தான் முதல் சான்றாகத் தருகின்றன. நூறு வயதுதான் ஆகிறது.

அடுத்தது திருமணம். 1939இல் அமெரிக்கச் சமூகவியலாளர்கள் பர்ஜஸ், காட்ரெல் இருவரும் மணவாழ்க்கையின் வெற்றி தோல்வியை முன்கூட்டியே கணிப்பது பற்றி ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். கணவன் மனைவியின் அட்ஜஸ்ட்மென்ட்டுக்கு மதிப்பெண் போட்டுப் பார்த்த ஆய்வு அது. ஆக, நம் வீடுகளில் கேட்கும் அந்தப் புத்திமதிக்கு அமெரிக்காவில் ஆராய்ச்சி மதிப்பெண்ணே இருந்திருக்கிறது.

நாடுகளையும் இந்தச் சொல் விடவில்லை. 1980இலிருந்து உலக வங்கி ஸ்ட்ரக்சுரல் அட்ஜஸ்ட்மென்ட் என்ற பெயரில் கடன் கொடுக்க ஆரம்பித்தது. 1991இல் அந்நியச் செலாவணி நெருக்கடியில் இந்தியாவும் அந்த வரிசையில் நின்றது. கடன் கொடுப்பவர் இருந்த இடத்திலேயே இருப்பார், வாங்குகிறவர்தான் நகரவேண்டும். செல்போன் பெண்மணி சொன்ன அட்ஜஸ்ட்டும் இந்த ஜாதிதான்.

பண்ணு, ஆகு, கொள்

இனி தமிழுக்கு வருவோம். ஆங்கில வினைகளைத் தமிழ் நேரடியாக வினையாக எடுத்துக்கொள்வதில்லை. 'அட்ஜஸ்டினான்' என்று யாரும் சொல்வதில்லை. வந்த சொல்லைப் பெயர் மாதிரி உட்கார வைத்து, பக்கத்தில் நம் வினை ஒன்றைத் துணைக்கு அனுப்புகிறோம். தானம் பண்ணு, கல்யாணம் பண்ணு என்று சமஸ்கிருதச் சொற்களுக்குச் செய்ததையேதான் ஆங்கிலத்துக்கும் செய்கிறோம். கன்னடத்தில் 'மாடு'. பெங்களூரின் 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' ஊருக்கே அடையாள வாக்கியம் ஆகிவிட்டது.

இந்தப் 'பண்ணு' என்ற துணைவினை சாதாரண ஆள் இல்லை. சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் யாழ் மீட்டுவதன் எட்டுச் செயல்கள் சொல்லப்படுகின்றன. முதல் செயலுக்குப் பெயர் பண்ணல். பாட நினைத்த பண்ணுக்கு ஏற்றபடி நரம்புகளைச் சரிசெய்து அமைப்பது. அதாவது 'பண்ணு' என்பதற்கே ஒரு காலத்தில் அட்ஜஸ்ட் என்ற அர்த்தம் இருந்திருக்கிறது. இன்று அது எந்த ஆங்கிலச் சொல்லையும் தூக்கிச் சுமக்கிற வேலையைச் செய்கிறது. அட்ஜஸ்ட்டோடு சேரும்போது மட்டும், தனக்கே தெரியாமல், தன் பழைய அர்த்தத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

ஆங்கிலத்தில் ஒரே வடிவமாக இருப்பதைத் தமிழ் இங்கே மூன்றாகப் பிரித்துவிடுகிறது.

கண்ணாடியை அட்ஜஸ்ட் பண்ணு: ஒரு பொருளைச் சரிசெய்.

போகப் போக அட்ஜஸ்ட் ஆயிடும்: தானாகச் சரியாகும்.

அட்ஜஸ்ட் பண்ணிக்கோ: உன்னை நீயே மாற்றிக்கொள்.

மூன்றாவதில் வரும் 'கொள்'தான் இங்கே முக்கியம். செயலின் பலனையோ பாரத்தையோ செய்கிறவர் பக்கமே திருப்பிவிடும் துணைவினை அது. 'எடு' வேறு, 'எடுத்துக்கொள்' வேறு. தெலுங்கின் 'சேசுகோ'வில் வாலாக நிற்கும் 'கோ'வும் இதன் உறவுதான். எடுத்துக்கொள் என்னும்போது நன்மை வந்து சேர்கிறது. பொறுத்துக்கொள் என்னும்போது சுமை வந்து சேர்கிறது. அட்ஜஸ்ட் பண்ணிக்கோ இரண்டாவது வகை. எந்த ஆங்கில அகராதியிலும் இல்லாத இந்தப் பாரத்தை நாம் நம் இலக்கணத்திலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறோம்.

அரசியல் கட்சிகள் தேர்தலுக்கு முன் செய்யும் சீட் அட்ஜஸ்ட்மென்ட்டை நம் பத்திரிகைகள் எப்படி எழுதுகின்றன? 'தொகுதி உடன்பாடு' என்று. உடன்படுவதற்கு இரண்டு பேர் வேண்டும், இரண்டு பேரும் சரி என்று சொல்ல வேண்டும். பேரம் பேசும் பலம் இரு தரப்புக்கும் இருக்கும் இடத்தில் தமிழ் அந்தக் 'கொள்'ளை ஒட்டுவதில்லை.

நம்மிடம் சொல் இல்லையா?

அட்ஜஸ்ட் வருவதற்கு முன்னால் நாம் என்ன சொன்னோம்? சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. நகர்ந்து உட்காரு, இடம் கொடு, விட்டுக்கொடு, ஒத்துப்போ, பொறுத்துப்போ, அனுசரிச்சுப் போ, சமாளி. அனுசரி என்பது சமஸ்கிருதம். பின்னாலேயே செல்லுதல் என்று மூலப்பொருள். சமாளியும் வடக்கேயிருந்து வந்து தங்கிவிட்ட சொல்.

இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடுகிறது. விட்டுக்கொடு என்று சொல்கிறவர், 'உன்னிடம் ஒன்று இருக்கிறது, அது உன்னுடையது' என்று ஒப்புக்கொண்டுதான் கேட்கிறார். பொறுத்துப்போ என்பதில் வலி இருக்கிறது என்ற ஒப்புதல் உண்டு. அனுசரி என்றால் யாரோ முன்னால் போகிறார், நீ பின்னால் போ என்று வெளிப்படையாகவே தெரிகிறது. அட்ஜஸ்ட் மட்டும் எதையும் ஒப்புக்கொள்வதில்லை. அதில் உரிமையும் இல்லை, வலியும் இல்லை, முன்னால் போகிறவரும் இல்லை. மெக்கானிக் கடைத் திருகாணியின் வாசனைதான் இருக்கிறது. கூடவே எப்போதும் 'கொஞ்சம்' என்ற அடைமொழி வேறு. கொஞ்சம் தானே, ஒரு சுற்றுத் திருப்பினால் போதுமே என்கிற பாவனை. நாம் இத்தனை சொற்களை வைத்துக்கொண்டு இந்தக் கடன் சொல்லைத் தேடிப் போனதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கேட்பதற்குக் கூச்சமாக இருப்பதை இந்தச் சொல்லில் கூச்சமில்லாமல் கேட்கலாம்.

இடம் விடுவதைப் பற்றி நம்மிடம் இருக்கும் மிகப் பழைய கதை ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. மழை கொட்டும் இரவு, திருக்கோவலூர். ஒரு வீட்டின் குறுகிய இடைகழியில் பொய்கையாழ்வார் ஒதுங்குகிறார். ஒருவர் படுக்கலாம், அவ்வளவுதான் இடம். பூதத்தாழ்வார் வந்து கதவைத் தட்டுகிறார். இருவரும் உட்கார்ந்துகொள்கிறார்கள். மயிலாப்பூரில் அவதரித்ததாகச் சொல்லப்படும் பேயாழ்வார் மூன்றாவதாக வருகிறார். மூவரும் நிற்கிறார்கள். பிறகு இருட்டில் நான்காவதாக யாரோ நெருக்குவது தெரிகிறது. அது பெருமாள் என்பது வைணவ மரபு. நம் ஷேர் ஆட்டோவின் ஆதி வடிவம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் கதையில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. இரண்டாமவர் வந்ததும் முதல்வர் எழுந்து உட்கார்ந்தார். மூன்றாமவர் வந்ததும் இருவருமே எழுந்தார்கள். யாரும் படுத்துக்கொண்டே மற்றவரை நிற்கச் சொல்லவில்லை. கடலில் சரக்கை வீசிய கப்பலின் கணக்கும் இதுதான்: பிழைத்தவர் எல்லோரும் பங்கு தரவேண்டும்.

யார் நகர்வது?

ரயிலில் ஆர்ஏசி டிக்கெட் எடுத்துப் போயிருப்பீர்கள். பக்கவாட்டுக் கீழ் பெர்த்தில் இரண்டு பேர், ஆளுக்குப் பாதி. கால் நீட்ட முடியாது, தூக்கம் வராது. ஆனாலும் யாரும் யாரையும் வெறுப்பதில்லை. விதி இரண்டு பேருக்கும் ஒன்று. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தண்ணீருக்கு நேரம் வைத்தார்கள். எங்கள் கட்டடத்தில் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம். ஒரு வாரம் முணுமுணுத்தோம். எல்லார் குழாயும் ஒரே நேரத்தில் மூடியது என்பதால் சமாளித்தோம். கொஞ்ச நாளில், மேல்மாடியில் ஒரு வீட்டுக்கு மட்டும் தனியாக லாரித் தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்ததும்தான் சண்டை வந்தது. பற்றாக்குறை இரண்டு சமயத்திலும் அதே பற்றாக்குறைதான்.

எங்கள் வீட்டிலேயே ஒரு கதை உண்டு. என் அத்தை எழுபதுகளில் கல்யாணமாகிப் போன வீட்டில் அவருக்கென்று ஒரு அலமாரித் தட்டுகூடக் கிடையாது. பதினோரு வருஷம் தன் புடவைகளைக் கட்டிலுக்கடியில் ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். ஊருக்கு வரும்போதெல்லாம் பாட்டி அவரிடம் சொன்னது அதே வாக்கியம், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோடி." பாட்டிக்கு இங்கிலீஷ் எழுத்தே தெரியாது. இந்த ஒரு சொல் மட்டும் எப்படியோ வந்துசேர்ந்திருந்தது. அத்தையிடம் சமீபத்தில் இதைக் கேட்டேன். சிரித்துவிட்டு, "பொறுத்துக்கோன்னு சொல்லியிருந்தா அழுதிருப்பேன்டா. அட்ஜஸ்ட்னு சொன்னதால அது ஏதோ என் சாமர்த்தியம்னு நெனைச்சுட்டேன்" என்றார். இந்தச் சொல்லின் மொத்த வேலையையும் இதைவிடத் தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை.

இந்த மழுப்பல் இன்னும் இருண்ட இடங்களுக்கும் போகும். பக்கத்துக் கேரளத்தில், மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி ஹேமா தலைமையில் 2017இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. நடிகை சாரதாவும் ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி வல்சலா குமாரியும் உறுப்பினர்கள். அறிக்கை 2019 டிசம்பரில் அரசிடம் தரப்பட்டது. சில பகுதிகள் நீக்கப்பட்டுப் பொதுமக்கள் பார்வைக்கு வந்ததோ 2024 ஆகஸ்டில். வாய்ப்புக்காகப் பாலியல் இணக்கம் கேட்பதற்கு அந்தத் துறையில் புழங்கும் இரண்டு சொற்களை அறிக்கை பதிவு செய்கிறது. ஒன்று காம்ப்ரமைஸ். இன்னொன்று அட்ஜஸ்ட்மென்ட். கேட்கிறவர் என்ன கேட்கிறார் என்று வாய்விட்டுச் சொல்லவேண்டிய அவசியமே இல்லாமல் செய்துவிடுகிறது அந்தச் சொல். பிற்பாடு புகார் வந்தால், நான் அப்படி எதுவும் சொல்லவில்லையே என்று கைவிரிக்கவும் வசதி.

இந்தச் சொல்லை ஒழித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஒழிக்கவும் முடியாது. பொது இடத்தில் முன்பின் தெரியாத நான்கு பேர் முகம் சுளிக்காமல் நெருங்கி உட்கார உதவும் ஒரு சொல், இந்த நெரிசல் நகரத்துக்குத் தேவை. யார், எந்த ஊர், என்ன ஜாதி என்று கேட்காமல் பக்கத்தில் இடம் கேட்கலாம், கொடுக்கலாம். அது சின்ன விஷயம் இல்லை. லத்தீனில் பிறந்தபோது இருந்த அந்த 'அருகு', இரண்டாயிரம் வருஷம் கழித்து ஈசிஆரில் தினமும் புழங்குகிறது என்பதில் எனக்குச் சந்தோஷம்கூட.

எனக்குள்ள ஒரே சங்கடம், வழியில் வந்து ஒட்டிக்கொண்ட அந்த இரண்டாவது அர்த்தத்தைப் பற்றியது. நியாயம் அந்தச் சொல்லுக்குப் பிழையாகத்தான் வந்தது, ஆனாலும் வந்தது. நெருங்கி உட்காரச் சொல்லும்போது, கணக்குத் தீர்க்கும்போது அது கூடவே இருக்கிறது. வீட்டுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றுவதுபோல் அதை வாசலிலேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறோம்.

அந்தப் பெண்மணி எனக்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார். எதிர்முனையில் இருந்தது மகளா, மருமகளா, தங்கையா, தெரியாது. அவர் இறங்கியதும் சீட்டில் இடம் தாராளமாகிவிட்டது. குப்பத்து அம்மா கூடையை மடியிலிருந்து இறக்கிக் காலடியில் வைத்துவிட்டு, என்னைப் பார்த்து, "இப்ப நல்லா குந்திக்கோ நைனா" என்றார்.